உங்கள் எம்.எல்.ஏ.வின் அரசியல் வரலாற்றை நீங்களே தொகுப்பது எப்படி

திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு டீக்கடையில் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாக்குவாதம். வாய்க்கால் மேல் இருக்கிற ஒரு சின்னப் பாலத்தை எந்த எம்.எல்.ஏ. கொண்டுவந்தார் என்பதுதான் விஷயம். ஒரு அண்ணாச்சி, "அவிய காலத்துல வந்த பாலம்லா அது" என்று ஒரு பெயரைச் சொன்னார். எதிர் பெஞ்சில் இருந்தவர் இன்னொரு பெயரை அடித்துச் சொன்னார். இரண்டு பேரும் அந்தப் பாலத்தில் தினமும் சைக்கிளில் போய்வருகிறவர்கள். எனக்கு அது மனதில் தங்கிவிட்டது. தேட ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து அனுமதி ஆணையின் நகல் கைக்கு வந்தபோது, அதில் இருந்த தேதி இரண்டு பேர் சொன்னதற்கும் ஒத்துவரவில்லை. அவர்கள் சொன்ன எம்.எல்.ஏ.க்களுக்கும் முன்னால் இருந்த ஒருவர் கேட்டு, அடுத்தவர் காலத்தில் பணம் ஒதுக்கி, அதற்கும் அடுத்தவர் வந்து ரிப்பன் வெட்டிய பாலம் அது.

அதிலிருந்து எங்கள் பக்கத்துத் தொகுதிகளின் எம்.எல்.ஏ.க்களைப் பற்றி ஆளுக்கு ஒரு ஃபைல் என்று சேர்த்துவருகிறேன். இதற்குப் பத்திரிகைக்காரராக இருக்கவேண்டியதில்லை, கட்சிக்காரராகவும் இருக்கவேண்டியதில்லை. ஒரு போன், ஒரு நோட்டு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லைகள் கொஞ்சம், அப்புறம் பொறுமை, இவ்வளவு போதும். போஸ்டரில் இருப்பது ஒரு எம்.எல்.ஏ.வின் வரலாறு இல்லை, எதிர்க்கட்சி மேடையில் சொல்வதும் இல்லை. அது தாள்களில் கிடக்கிறது, பெரும்பாலும் நாம் கேட்டால் கொடுத்தாக வேண்டிய தாள்கள். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

ஆளுக்கு முன்னால் தொகுதி

எல்லாரும் செய்கிற முதல் தப்பு, பெயரை வைத்துத் தேட ஆரம்பிப்பது. முதலில் தொகுதியைப் பிடியுங்கள். நம் பக்கத்தில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் இங்கே எல்லைகள் அத்தனை தடவை மாறியிருக்கின்றன. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது, அப்போது அதற்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர். 2019 நவம்பர் 22இல் தென்காசி பிரிந்தது. இப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் மிஞ்சியிருப்பது திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, நாங்குநேரி, ராதாபுரம் என்று ஐந்தே தொகுதிகள். சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி, ஆலங்குளம் ஐந்தும் தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஆகவே 2016இல் ஜெயித்த ஆலங்குளம் உறுப்பினரின் காகிதம் கொஞ்சம் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் இருக்கிற கொக்கிரகுளத்தில் இருக்கும், கொஞ்சம் தென்காசியில் இருக்கும்.

தொகுதி மறுவரையறையையும் மறக்கக் கூடாது. சேரன்மகாதேவி என்று ஒரு தொகுதி இருந்தது, பி. எச். பாண்டியன் தொடர்ந்து ஜெயித்த தொகுதி. 2008 மறுவரையறையில் அது போய்விட்டது, 2006தான் அதற்குக் கடைசித் தேர்தல். சாத்தான்குளமும் அப்படித்தான். உங்கள் ஊர் 2006இல் எந்தத் தொகுதி, 2011இல் எந்தத் தொகுதி என்று முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் கணக்கில் ஏற்றிவிடுவீர்கள்.

ரொம்பப் பின்னால் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். 1952, 1957 தேர்தல்களில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள். 1961இல்தான் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். அதனால் ஒரே ஊருக்கு ஒரே சமயத்தில் இரண்டு பெயர் வந்தால் பதறவேண்டாம். அப்புறம் செங்கோட்டைக்காரர்கள் 1956 நவம்பர் 1க்கு முன்னால் வாக்களித்தது திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்கு. அந்தக் காலத்து உறுப்பினரைச் சென்னை ஆவணங்களில் எவ்வளவு தேடினாலும் கிடைக்க மாட்டார்.

எலும்புக்கூடு

இனி ஆள். தேர்தல் ஆணையம் 1951-52 முதல் நடந்த ஒவ்வொரு தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை வெளியிட்டிருக்கிறது, தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் தொகுதி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய வாக்கு இருக்கும். உங்கள் ஆள் நின்ற எல்லாத் தேர்தலையும் வரிசையாக எழுதுங்கள்: வருஷம், தொகுதி, கட்சி, வாங்கிய வாக்கு, இரண்டாம் இடத்துக்காரர், வித்தியாசம். தோற்ற தேர்தல்களைக் கட்டாயம் எழுதுங்கள். ஜெயித்ததை மட்டும் எழுதினால் அது வாழ்த்து மடல்தான்.

இந்த வரிசையை எழுதி முடித்ததுமே பாதிக் கதை தெரிந்துவிடும். மு. அப்பாவு ராதாபுரத்தில் 1996இல் தமிழ் மாநில காங்கிரஸ், 2001இல் சுயேச்சை, 2006இல் தி.மு.க. என்று மூன்று தடவையும் வேறு வேறு அடையாளத்தில் ஜெயித்தவர். சின்னம் மாறியும் ஆள் நின்றார் என்றால் அந்த வாக்கு யாருடையது என்ற கேள்வி தானாக வந்து நிற்கும். நயினார் நாகேந்திரன் திருநெல்வேலியில் 2001, 2011 இரண்டிலும் அ.தி.மு.க.வில் ஜெயித்து, நடுவில் 2006இலும் அப்புறம் 2016இலும் தோற்று, 2017இல் பா.ஜ.க.வுக்குப் போய், 2021இல் அதே தொகுதியில் அந்தக் கட்சியில் ஜெயித்தார். 2016இல் அவர் தோற்றது 601 வாக்கில். இந்த எண்ணை எழுதாமல் "2016இல் தோல்வி" என்று மட்டும் எழுதினால் விஷயமே போய்விடும்.

நம் பக்கத்தில் வித்தியாசத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2016இல் ராதாபுரம் முடிவானது 49 வாக்கில். ஜெயித்தவர் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தோற்றவர் அப்பாவு. ஒரு தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்டது செல்லாது என்று தபால் வாக்குகள் தள்ளப்பட்டன. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2019 அக்டோபரில் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னார்கள், எண்ணினார்கள், ஆனால் முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தப் பேரவையின் ஐந்து வருஷமும் அப்படியே முடிந்தது. தென்காசியில் 2021இல் காங்கிரஸின் பழனி நாடார் 370 வாக்கில் ஜெயித்தார், அதிலும் நீதிமன்ற உத்தரவுப்படி 2023இல் தபால் வாக்கு மறு எண்ணிக்கை நடந்து, அவர் வெற்றி நிலைத்தது. ஆகவே வரிசையில் இன்னொரு கட்டம் போடுங்கள்: தேர்தல் மனு உண்டா, இல்லையா. முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேண்டிய மனு அது, தேடும்போது அந்தத் தேதிகளுக்குள் தேடினால் போதும்.

இடைத்தேர்தலையும் பாருங்கள். நாங்குநேரியில் 2016இல் ஜெயித்த எச். வசந்தகுமார் 2019இல் கன்னியாகுமரி எம்.பி. ஆகிவிட்டதால் பதவி விலகினார், அந்த அக்டோபரில் நடந்த இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் ரெட்டியார்பட்டி நாராயணன் வந்தார். 2016-21 நாங்குநேரியை ஒரே ஆளின் கணக்காக எழுதினால் தப்பு.

வாக்குச்சாவடி வாரியான கணக்கு வேண்டுமா, படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது, மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் கிடைக்கும். ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை என்று இருக்கும். ரொம்பப் பயனுள்ள தாள், ஆனால் இதில் ஒரு விஷயத்தை மனதாரச் சொல்கிறேன்: இதை எடுத்து இந்தத் தெரு இந்தச் சாதி, ஆகவே இத்தனை வாக்கு என்று கணக்குப் போட்டு ஊருக்குள் சுற்றவிடாதீர்கள். நம் ஜில்லாவில் அப்படி ஒரு தாள் சுற்றினால் எங்கே போய் முடியும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். ரகசிய வாக்கு என்பது ஒரு சின்னக் கிராமத்துக்குக் கிடைத்திருக்கிற பெரிய பாதுகாப்பு. எந்த ஊர்களில் வாக்கு ஏறியது, எங்கே இறங்கியது, அங்கே என்ன வேலை நடந்தது, என்ன நடக்கவில்லை என்று பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தியம் பண்ணிக் கொடுத்த தாள்

வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரம் கொடுக்கவேண்டும். சொத்து, கடன், படிப்பு, வழக்கு எல்லாம் அதில் இருக்கும். 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது, அதனால் 2006 தேர்தலில் இருந்து நன்றாகவே கிடைக்கும். ஆணையத்தின் தளத்தில் ஸ்கேன் இருக்கும், மைநேத்தா என்கிற தன்னார்வ அமைப்பின் தளத்தில் அதைத் தட்டச்சு செய்து போட்டிருப்பார்கள். இரண்டையும் பாருங்கள், எண்ணில் சந்தேகம் வந்தால் ஸ்கேனை நம்புங்கள்.

முதலில் பார்க்கவேண்டியது அப்பா பெயரும், வாக்காளர் பட்டியலில் அவருடைய பாகம் எண், வரிசை எண்ணும். இது எதற்கென்றால், ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் நிற்பது இங்கே சகஜம். என்னுடைய முதல் ஃபைலில் ஒரு சுயேச்சை வேட்பாளரின் வழக்கை, அதே பெயருள்ள கட்சி வேட்பாளரின் பக்கத்தில் எழுதிவைத்திருந்தேன். ஒரு நண்பர் பார்த்துச் சொன்னதால் தப்பித்தேன். அதற்கப்புறம் அப்பா பெயர் ஒத்துவராமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

சொத்துப் பக்கத்தை ஒரே தேர்தலுக்கு மட்டும் படித்தால் ஒன்றும் புரியாது. 2011, 2016, 2021 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்தத் தொகை ஏறியிருப்பதை மட்டும் பார்த்துத் தாவாதீர்கள். நிலத்தின் மதிப்பு தானாகவே ஏறும், அதிலும் வண்ணார்பேட்டை, பெருமாள்புரம் பக்கம் ஒரு மனை வைத்திருந்தால் போதும். பரம்பரையாக வந்ததா, தானே வாங்கியதா என்று தனித்தனியாகக் கேட்டிருப்பார்கள், வாங்கியது என்றால் தேதியும் விலையும் இருக்கும். பதவியில் இருந்த வருஷங்களில் புதிதாக வாங்கியது எது, அதற்கு வருமானம் எங்கிருந்து என்று காட்டியிருக்கிறார், கடன் என்ன ஆனது, இந்த மூன்று கேள்வி போதும். மனைவி, பிள்ளைகள் பெயரில் உள்ள பத்திகளையும் சேர்த்துப் படியுங்கள்.

வழக்குப் பக்கத்தில் எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டாதீர்கள். பிரிவைப் படியுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 என்று வந்தால் பெரும்பாலும் மறியல், தடையை மீறிக் கூட்டம் கூடியது மாதிரியான வழக்குகள். தண்ணீருக்காகச் சாலையில் உட்கார்ந்தவர் மேலும் அதுதான் இருக்கும். 420 என்றால் ஏமாற்று, அது வேறு கதை. 2024 ஜூலை முதல் புதிய சட்டம் வந்து எண்கள் மாறிவிட்டன, அதற்குப் பிறகு கொடுத்த பத்திரமாக இருந்தால் புதிய எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கு நிலுவையா, தண்டனையா என்பதை அந்தச் சொல்லிலேயே எழுதுங்கள். நிலுவையில் உள்ள வழக்கை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று எழுதுவது அநியாயம், சட்டப்படியும் உங்களுக்குச் சிக்கல்.

கோட்டையில் என்ன செய்தார்

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, யாரும் போகாத பகுதியும் இதுதான். ஊரில் எம்.எல்.ஏ. என்றால் கல்யாணத்துக்கு வந்தாரா, துட்டிக்கு வந்தாரா என்று கேட்கிறோம். பேரவையில் என்ன பேசினார் என்று கேட்பதில்லை. ஆனால் நாம் அவரை அனுப்பியதே அங்கே பேசத்தானே.

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் நடவடிக்கைக் குறிப்புகள் தளத்தில் இருக்கின்றன, பழைய குறிப்புப் புத்தகங்களும் ஸ்கேன் செய்து ஏற்றப்பட்டிருக்கின்றன. 1969 ஜனவரிக்கு முந்தையது வேண்டுமென்றால் மதராஸ் சட்டமன்றம் என்ற பெயரில் தேடவேண்டும். ஸ்கேன் பக்கங்களில் பெயரைத் தட்டித் தேடினால் பல சமயம் கிடைக்காது. அதனால் நாளை வைத்துப் போங்கள். உங்கள் ஆள் எந்தப் பேரவை என்று குறித்துக்கொள்ளுங்கள்: 2006 பதின்மூன்றாவது, 2011 பதினான்காவது, 2016 பதினைந்தாவது, 2021 பதினாறாவது. அப்புறம் எந்தத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அந்த வருஷச் செலவுக்கு அவையிடம் கேட்கிற பணம், எந்த நாள் விவாதத்துக்கு வந்தது என்று பாருங்கள். நம் பக்கத்து உறுப்பினர் பேசியிருந்தால் பெரும்பாலும் நீர்வளம், வேளாண்மை, நெடுஞ்சாலை, கைத்தறி, தொழிலாளர் நலன் இந்த நாள்களில்தான் மாட்டுவார். முக்கூடல், கடையநல்லூர் பக்கத்துக்காரராக இருந்தால் பீடித் தொழிலாளர் பற்றி ஒரு வார்த்தையாவது பேசியிருக்கவேண்டும், பேசினாரா என்று பாருங்கள்.

கன்னிப் பேச்சை முழுதாகப் படியுங்கள், முதல் தடவை எழுந்து நின்று எதைக் கேட்டார் என்பது முக்கியம். அப்புறம் கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியத் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கொண்டுவருகிற வெட்டுத் தீர்மானம் என்று ஒவ்வொன்றிலும் தொகுதியின் பெயர் வருகிற இடங்களைக் குறியுங்கள். "அமைச்சர் முன்வருவாரா" என்று கேட்பார், அமைச்சர் "அரசின் பரிசீலனையில் இருக்கிறது" என்பார். அந்தப் பதிலையும் தேதியோடு எழுதுங்கள், ஏனென்றால் அமைச்சர் அவையில் கொடுத்த வாக்குறுதியை உறுதிமொழிக் குழு என்று ஒரு குழு பின்தொடர்கிறது. மனுக்கள் குழு, பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு என்று மற்றவையும் இருக்கின்றன. உங்கள் ஆள் எந்தக் குழுவில் இருந்தார் என்பதை அவருடைய வரலாற்றில் ஒரு வரியாவது எழுதவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கேள்வி எண்ணிக்கையை வைத்து மார்க் போடுகிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது. நம் பக்கத்துக்கு அது சரிப்படாது. அமைச்சர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், பதில் சொல்வார்கள். சபாநாயகர் இரண்டும் செய்ய மாட்டார். திருநெல்வேலிச் சீமை எத்தனை சபாநாயகர்களைக் கொடுத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: 1962-67இல் எஸ். செல்லப்பாண்டியன், 1967-68இல் ஸ்ரீவைகுண்டத்தில் ஜெயித்த சி. பா. ஆதித்தனார், 1985-89இல் சேரன்மகாதேவியின் பி. எச். பாண்டியன், 2006-11இல் அம்பாசமுத்திரத்தின் ஆவுடையப்பன், 2021 மே மாதம் சபாநாயகரான ராதாபுரத்தின் அப்பாவு. எனக்கு இதில் பெருமை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் இவர்கள் நாற்காலியில் இருந்த வருஷங்களில் தொகுதிக்காக எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. அவர்களைப் பற்றி எழுதும்போது நாற்காலியில் இருந்து கொடுத்த தீர்ப்புகளைத்தான் பார்க்கவேண்டும். 1988 ஜனவரியில் ஜானகி ராமச்சந்திரன் அரசு நம்பிக்கை வாக்குக் கோரிய அந்த நாளில் நாற்காலியில் இருந்தவர் பி. எச். பாண்டியன். அவர் வரலாற்றை எழுதுகிறவர் அந்த ஒரு நாளின் குறிப்புகளை முழுதாகப் படிக்காமல் எழுதக் கூடாது. தொகுதி வேலை அப்போதெல்லாம் அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள் வழியாகத்தான் நடந்திருக்கும், அதை வேறு வழியில் தேடவேண்டும்.

பணம் எங்கே போனது

ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் என்று உயர்த்தியிருந்தார்கள், கொரோனா வருஷமான 2020-21இல் ஒரு கோடியைக் குறைத்தார்கள், அடுத்த வருஷம் மறுபடி 3 கோடி. பணம் எம்.எல்.ஏ. கையில் வராது. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், கலெக்டர் நிர்வாக அனுமதி கொடுப்பார், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாக வேலை நடக்கும்.

பட்டியல் வாங்கத் தகவல் உரிமைச் சட்டம்தான் வழி. வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி போட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஏன் செய்யவில்லை, யார் பொறுப்பு என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. தாள் கேளுங்கள். நான் இப்படி எழுதுவேன்: "இன்ன தொகுதியில் 2016-17 முதல் 2020-21 முடிய சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதியில் எடுக்கப்பட்ட பணிகளின் பட்டியல், ஒவ்வொரு பணிக்கும் ஊர், மதிப்பீட்டுத் தொகை, நிர்வாக அனுமதி ஆணையின் எண்ணும் நாளும், செலவான தொகை, முடிந்த நாள் ஆகிய விவரங்களின் நகல் வேண்டும்." முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

மாவட்டம் பிரிந்த பிறகு நான் போட்ட ஒரு மனுவை ஒரு அலுவலகம் எங்களிடம் இல்லை என்று திருப்பியது, இன்னொரு அலுவலகமும் அதையே சொன்னது, எட்டு மாதம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மனுவின் கடைசியிலும் ஒரு வரி சேர்க்கிறேன்: இத்தகவல் தங்கள் அலுவலகத்தில் இல்லையெனில் பிரிவு 6(3)இன்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி எனக்குத் தெரிவிக்கவும். இந்த வரி இருந்தால் திருப்பி அனுப்புவது குறைகிறது.

பட்டியல் வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். நிழற்குடை, கலையரங்கம், ரேஷன் கடைக் கட்டடம், பேவர் பிளாக், ஹைமாஸ்ட் விளக்கு, மேல்நிலைத் தொட்டி, இதெல்லாம்தான் இருக்கும். போர்டில் பெயரும் வருஷமும் தொகையும் எழுதியிருப்பார்கள், போட்டோ எடுங்கள். விளக்கு எரிகிறதா, தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். வேலை இருக்கிறது, ஆனால் கம்பம் மட்டும் நிற்கிறது என்றால் அதையும் எழுதுங்கள், பராமரிப்பு பஞ்சாயத்தின் பொறுப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

2016-21 காலத்தைப் பார்க்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2016 அக்டோபரில் பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தது, நம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்து வருஷம் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, தனி அலுவலர்தான். தெருவிளக்கு முதல் சாக்கடை வரை ஜனங்கள் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான் போய் நின்றார்கள். அந்தக் காலத்து உறுப்பினர் சின்னச் சின்ன வேலைக்கே நிதியைச் செலவழித்தார் என்று குறை எழுதும் முன்னால் இதை நினைக்கவேண்டும்.

"நான்தான் கொண்டுவந்தேன்"

பெரிய திட்டங்களில் இது இன்னும் சிக்கல். தாமிரபரணி-கருமேனியாறு-நம்பியாறு இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடியன் கால்வாயில் இருந்து வெள்ள நீரைச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட தேரிக்காட்டுக்குக் கொண்டுபோகிற திட்டம், 2009இல் 369 கோடி ரூபாயில் தொடங்கியது, பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. வழியில் எத்தனை தொகுதி, இடையில் எத்தனை ஆட்சி, எத்தனை உறுப்பினர். மேடையில் எல்லாரும் எங்களுடையது என்பார்கள், ஓரளவுக்கு எல்லாரும் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

இதற்கு நான் ஒரே தாளில் ஒரு கோடு கிழித்துக்கொள்வேன். கோட்டுக்கு மேலே அரசு செய்தது: பட்ஜெட் உரையில் எப்போது வந்தது, அரசாணை எண், ஒவ்வொரு வருஷமும் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் என்ன எழுதியிருந்தது, பேரவை விதி 110இன் கீழ் முதலமைச்சர் ஏதாவது அறிவித்தாரா. கோட்டுக்குக் கீழே உங்கள் ஆள் செய்தது: எந்த நாள் அவையில் கேட்டார், எப்போது மனு கொடுத்தார், நிலம் எடுப்பதில் தகராறு வந்தபோது யார் பக்கம் நின்றார். இரண்டையும் தேதி வாரியாகப் பார்த்தால், கேட்டதற்குப் பிறகு நடந்ததா, நடக்கப்போகிறது என்று தெரிந்த பிறகு கேட்டாரா என்பது பிரிந்து தெரியும். கொள்கை விளக்கக் குறிப்பை மட்டும் விடாதீர்கள். போன வருஷம் "பணிகள் முன்னேற்றத்தில் உள்ளன" என்று இருந்த அதே வரி இந்த வருஷமும் அப்படியே இருந்தால், நடுவில் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

2022இல் முதலமைச்சர் எல்லா எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளை எழுதிக் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி வித்தியாசம் இல்லாமல். அந்தப் பத்தும் என்ன என்று தகவல் உரிமையில் கேட்டு வாங்குங்கள். ஒரு உறுப்பினர் தன் தொகுதிக்கு எதை முக்கியம் என்று நினைத்தார் என்பதற்கு அதைவிட நேரான தாள் கிடையாது.

கடைசியாக ஆட்கள்

ஆட்களிடம் பேசுவதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தேதிகள் கையில் இல்லாமல் போனால் அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வருவீர்கள். தேதியோடு போனால் அவர்களுக்கே ஞாபகம் திறக்கும். கிளைச் செயலாளர், பழைய பூத் ஏஜென்ட், மில் தொழிற்சங்கத்தில் இருந்தவர், விக்கிரமசிங்கபுரத்தில் அப்படிப்பட்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எம்.எல்.ஏ. ஆவதற்கு முன்னால் உங்கள் ஆள் எங்கே இருந்தார், ஒன்றியத்திலா, சங்கத்திலா, கூட்டுறவு சொசைட்டியிலா என்பது இவர்களிடம்தான் கிடைக்கும். "அண்ணாச்சி, அந்தத் தடவை சீட்டு யாருக்குப் போகும்னு இருந்துது, எப்படி இவியளுக்கு வந்துது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவரிடமும் கட்டாயம் கேளுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே மாதிரிச் சொன்னதை எழுதுங்கள், ஒருவர் மட்டும் சொன்னதை அவர் சொன்னதாக எழுதுங்கள், சாதி பற்றியும் வீட்டு விஷயம் பற்றியும் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். தேர்தலுக்கு முந்தைய இரண்டு வாரமும் முடிவு வந்த மறுநாளும் பார்த்தால் போதும். வாக்குறுதி முன்னதில் இருக்கும், நன்றி அறிவிப்பு பின்னதில் இருக்கும்.

எழுதும்போது வருஷ வரிசையில் எழுதுங்கள், ஒவ்வொரு வரிக்கும் எந்தத் தாள் என்று ஓரத்தில் குறியுங்கள். முடிந்ததும் ஒரு நகலை அந்த எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்து, தப்பு இருந்தால் பதினைந்து நாளில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். நான் கொடுத்த இடங்களில் ஒருவர் கோபப்பட்டார், ஒருவர் பதிலே தரவில்லை. ஒருவர் மட்டும் நான் விட்டிருந்த இரண்டு மனுக்களின் நகலைத் தேடி எடுத்து உதவியாளரிடம் கொடுத்தனுப்பினார், அதில் ஒன்று அந்த டீக்கடைப் பாலத்துக்கான பழைய மனு, அவருக்கு முன்னால் இருந்தவர் கொடுத்தது. அதை நகல் எடுத்து டீக்கடை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தவர், எதிர் பெஞ்சுக்காரர் வரட்டும் என்று கல்லாப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.